கடை வாசலில் தங்லோங் விளக்கு

சீனப் பெருநாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே மொத்தக் கடைகளின் வாசலில் தங்லோங் பெட்டிகள் வந்து இறங்கிவிடுகின்றன. அரிசியும் பருப்பும் எடுக்க வருகிற நம் சில்லறை வியாபாரிகள் அந்தப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு நம்மிடம் கேட்பது இரண்டே கேள்விகள். "இதை நம்ம கடையில் வாங்கிப் போட்டால் ஓடுமா?" என்பது ஒன்று. "நம்ம கடை வாசலில் இதைத் தொங்கவிடலாமா?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். இரண்டாவது கேள்வியில் நம் சங்கத்தாரிடையே இரண்டு கட்சி இருக்கிறது. ஆகவே நம் கருத்தை இவ்விதழில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது.

தொங்கவிடக் கூடாது என்பவர்கள் சொல்லும் காரணம், அது வேற்றுச் சமயத்துச் சின்னம் என்பது. சாமி படத்துக்கு விளக்கேற்றும் கடையில் அதற்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். இஸ்லாமிய உறுப்பினர்கள் சிலருக்கும் இதே தயக்கம் உண்டு. தொங்கவிடலாம் என்பவர்களோ, "அது வெறும் காகிதமும் துணியும்தானே, வாடிக்கையாளர் கண்ணைப் பறித்தால் போதும்" என்கிறார்கள். நாம் தொங்கவிடும் கட்சிதான். ஆனால் இவர்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

முதலில் அந்த விளக்கு என்னவென்று பார்ப்போம். தங்லோங் என்று நாம் மலாயில் சொல்லும் சொல்லே சீனச் சொல்தான். சீன ஆண்டின் முதல் மாதத்துப் பௌர்ணமி இரவு அவர்களுக்கு விளக்குத் திருநாள். பெருநாள் தொடங்கிய 15ஆம் இரவு அது. நம் ஊரில் ஹொக்கியன் மொழியில் சாப் கோ மே என்கிறோம். தாங் அரசர் காலத்தில் சீனத் தலைநகரில் இரவு ஊரடங்கு உண்டு. பொழுது சாய்ந்து முரசு கொட்டியபின் யாரும் தெருவில் நடமாடக் கூடாது. அந்தக் கட்டுப்பாட்டை இந்தத் திருநாளையொட்டி மூன்று இரவுகள் மட்டும் தளர்த்தினார்களாம். ஆண்டு முழுவதும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த பெண்களும் பிள்ளைகளும் விளக்குப் பார்க்கத் தெருவுக்கு வந்தார்கள். பின்னர் சோங் அரசர் காலத்தில் விளக்குகளில் விடுகதை எழுதித் தொங்கவிட்டு, விடை சொன்னவருக்குப் பரிசு கொடுக்கும் வழக்கமும் வளர்ந்தது. கூட்டம் சேர்ந்தால் அங்கே பலகாரக்காரனும் பொம்மைக்காரனும் வந்துவிடுவான் என்பதை வியாபாரிகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம்மைப் போன்றவர்களுக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. மின்சாரப் பெயர்ப்பலகை வருவதற்கு முன்னால் சீனக் கடைக்காரருக்கும் சத்திரக்காரருக்கும் விளக்குதான் பெயர்ப்பலகை. கடையின் பெயரை விளக்கின் மேல் எழுதித் தொங்கவிட்டால், இருட்டில் வருகிறவனுக்கு எழுத்தும் தெரியும், கடை திறந்திருப்பதும் தெரியும். சீச்சுவான் மாநிலத்தில் சிகொங் என்று ஓர் ஊர் இருக்கிறது. உப்புக் கிணறு தோண்டி உப்புக் காய்ச்சி, அந்த வியாபாரத்தால் பெருத்த ஊர். இன்று சீனாவிலேயே பெயர் பெற்ற விளக்குக் கண்காட்சி அந்த ஊருடையது. 1964இல் தொடங்கியது. உப்பு வியாபாரம் தளர்ந்த பிறகு, அந்த ஊர்த் தொழிலாளர்கள் டிராகனும் கோபுரமுமாகப் பெரிய பெரிய விளக்குகள் செய்து வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்கும் அனுப்புகிறார்கள்.

கோயில் விளக்கும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. பினாங்கில் ஆயிர் ஈத்தாம் மலையில் இருக்கும் கெக் லோக் சி கோயிலைப் பெருநாள் காலத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். பக்தர்கள் பெயரில் கட்டிய விளக்குகள் வரிசை வரிசையாகத் தொங்கும். ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது பேரரசர் திருவிழாவுக்கு உயரமான கம்பத்தில் ஒன்பது விளக்குகள் ஏற்றுகிறார்கள். அவை வழிபாடு. அதே விளக்கு கல்யாண வீட்டில் இரட்டை மகிழ்ச்சி என்ற எழுத்தோடு தொங்கும், குலப் பெயரோடு வீட்டு வாசலில் தொங்கும், குழந்தை கையில் மெழுகுவத்தியோடு தெருவைச் சுற்றும். எண்ணெய் விளக்கு கோயிலிலும் எரிகிறது, படிக்கிற பிள்ளையின் மேசையிலும் எரிந்தது. விளக்கு ஒன்றுதான், இடம்தான் வேறு.

இந்த நாட்டில் இந்தக் கேள்வி எந்த அளவுக்குப் போகும் என்பதை 2020 ஜனவரியில் பார்த்தோம். பூச்சோங்கில் ஓர் இடைநிலைப் பள்ளியில் பெருநாளுக்காகத் தங்லோங் கட்டி அலங்கரித்திருந்தார்கள். அது சமயப் பரப்புரை என்று ஒரு கட்சிக்காரர் புகார்க் கடிதம் கொடுத்தார். பள்ளி நிர்வாகம் அலங்காரத்தைக் கழற்றியது. பிறகு அன்றைய துணைப் பிரதமர் டாக்டர் வான் அசிசாவும் அமைச்சர்கள் சிலரும் அந்தப் பள்ளிக்கே போய், அலங்காரத்தை மீண்டும் கட்டக் கை கொடுத்தார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது. நம்மவர்களும் பார்த்து மகிழ்ந்தார்கள்.

அதே மாதத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. பொங்கல் சமய விழா என்றும், பள்ளியில் நடக்கும் பொங்கலில் முஸ்லிம் மாணவர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்றும் கல்வி அமைச்சின் கடிதம் ஒன்று வெளிவந்து பெரிய சர்ச்சையானது. அப்போது நாம் எல்லாரும் என்ன சொன்னோம்? பொங்கல் அறுவடைத் திருநாள், நன்றி சொல்லும் திருநாள், அது நம் பண்பாடு, எந்தச் சமயத்தாரும் வந்து பானையில் ஒரு பிடி அரிசி போடலாம் என்று சொன்னோம். சொன்னது சரிதான். ஆனால் அதே வாயால் நம் கடை வாசலில் தங்லோங் மட்டும் ஆகாது, அது சமயச் சின்னம் என்று எப்படிச் சொல்வது? பானைக்கு ஒரு நியாயம், விளக்குக்கு ஒரு நியாயமா? சூரியனுக்குப் படைக்கிறோமே என்று எதிரே கேட்டால் நம்மில் எத்தனை பேருக்கு உடனே பதில் வரும்? இந்த வம்பு நமக்கு எதற்கு என்று ஒதுங்குகிறவர்களிடம் இதைத்தான் நாம் கேட்கிறோம். நாளைக்கு நம் கோலத்தையும் தோரணத்தையும் ஒருவர் கேள்வி கேட்டால், பக்கத்துக் கடைக்காரர் நமக்காகப் பேச வேண்டும். நாம் அவருடைய விளக்குக்காகப் பேசியிருந்தால்தானே அவரும் பேசுவார்.

பேசமாட்டார் என்று ஐயப்படுகிறவர்கள் தைப்பூசத்துக்கு முந்தின வாரக் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கட்டும். பினாங்கில் இரதம் போகும் வழியில் உடைக்கும் தேங்காயில் சீனர்கள் உடைப்பது எவ்வளவு என்பது தேங்காய் வியாபாரம் செய்கிறவர்களுக்குத் தெரியும். தவுக்கே ஒருவர் லொறி கொண்டுவந்து ஏற்றிப் போவார், வீட்டு வாசலில் மலைபோலக் குவிப்பார், இரதம் வந்ததும் பிள்ளைகளோடு நின்று உடைப்பார். அவர் தம் சமயத்தை விட்டுவிட்டாரா? வீட்டுக்குள் அவர் சாமி மேடையில் ஊதுவத்தி எரிந்துகொண்டுதான் இருக்கும். 2023ஆம் ஆண்டில் தைப்பூசமும் சாப் கோ மேயும் ஒரே நாளில், பிப்ரவரி 5ஆம் தேதி வந்தன. ஒரு பக்கம் தண்ணீர்மலைக்குக் காவடி, இன்னொரு பக்கம் தங்லோங். இரண்டுக்கும் ஒரே நிலாதான்.

நோன்பின் கடைசி இரவுகளில் மலாய்க் கம்பங்களில் ஏற்றும் பெலித்தாவுக்கு எண்ணெயும் திரியும் விற்கிறவர்களில் நம்மவர்களும் உண்டு. அதை விற்றதற்காக யாரும் யாரையும் கேட்டதில்லை.

இனி, தொங்கவிடத் தீர்மானித்தவர்களுக்கு. வெறும் காகிதம்தானே என்கிறவர்கள் இந்த இடத்தைச் சற்று நின்று படிக்க வேண்டும். நிறம் தெரியாமலும் எழுத்துத் தெரியாமலும் தொங்கவிடுவது, தொங்கவிடாமல் இருப்பதைவிட மோசம். வெள்ளைத் தங்லோங் இறப்பு வீட்டுக்கு உரியது. அதில் இறந்தவரின் குலப் பெயரையும் வயதையும் எழுதுவார்கள். வயதோடு மூன்றைக் கூட்டி எழுதுவது வழக்கம், வானத்துக்கு ஒன்று, பூமிக்கு ஒன்று, மனிதனுக்கு ஒன்று. 77 வயதில் இறந்தவருக்கு 80 என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் கணக்குத் தப்பு என்று நினைத்துவிடக் கூடாது. மங்கலக் காரியத்துக்கு வெள்ளை ஆகாது. ஆனால் வீட்டு அலங்காரக் கடைகளில் வெள்ளைக் காகித உருண்டையை இப்போது அழகுப் பொருளாக விற்கிறார்கள். மலிவாகக் கிடைத்தது என்று நம்மவர் ஒருவர் அதை வாங்கிப் பெருநாள் வாரத்தில் கடை முகப்பில் வரிசையாகக் கட்டியிருந்தார். எதிர்க்கடைப் பாட்டி இரண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் அவருடைய பேரன் வந்து மெல்லச் சொல்லிவிட்டுப் போனான்.

எழுத்திலும் அப்படித்தான். கல்யாணத்துக்கு உரிய இரட்டை மகிழ்ச்சி எழுத்தைப் பெருநாளுக்குத் தொங்கவிட்டால், யாருக்குக் கல்யாணம் என்று கேட்பார்கள். எழுத்துப் புரியாவிட்டால் வாங்கும்போதே கடைக்காரரைக் கேட்டுக்கொள்ளலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். ஒற்றையாகக் கட்டாமல் வாசலின் இரு பக்கமும் ஜோடியாகக் கட்டுங்கள். அன்னாசி வடிவத் தங்லோங்கை ஹொக்கியன்காரர்கள் விரும்பி வாங்குவார்கள். அவர்கள் மொழியில் அன்னாசிக்குப் பெயர் ஓங் லாய், செழிப்பு வருகிறது என்றும் அது காதில் விழும். விளக்குக்கும் ஆண்பிள்ளைக்கும் அவர்கள் மொழியில் ஒரே ஓசைதான், தெங். அதனால்தான் விளக்கேற்றுவது குடும்பம் பெருகுவதற்கு அறிகுறி என்று பழைய தலைமுறையினர் கருதினார்கள். குத்துவிளக்கு ஏற்றி மருமகளை வீட்டுக்குள் அழைக்கும் நமக்கு இது விளங்காத சங்கதி அல்ல.

கொள்முதல் விஷயத்துக்கு வருவோம். இப்போது வரும் சரக்கில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருவது. ஹெபெய் மாநிலத்தில் துந்தோவ் என்றொரு கிராமத்துக்கே இதுதான் பிழைப்பு, அரண்மனை விளக்கு என்று சொல்லும் உருண்டைச் சிவப்பு விளக்கு அங்கே வீட்டுக்கு வீடு செய்கிறார்கள். கம்பிச் சட்டத்தில் துணி இழுத்துக் கட்டியது நல்ல சரக்கு, மழைச் சாரல் பட்டாலும் ஒரு பருவம் தாங்கும். காகிதத்தில் மடிப்பு மடிப்பாக வருவது நடைபாதைக்கு ஆகாது. குஞ்சத்தைப் பிரித்துப் பார்த்து வாங்குங்கள், சிக்குப் பிடித்த குஞ்சத்தோடு வரும் பெட்டியை ஆள் வைத்துப் பிரித்தால் லாபம் அதிலேயே போய்விடும்.

முக்கியமானது ஒன்று. ஆண்டு விலங்கு அச்சிட்ட தங்லோங்கை அளவுக்கு மேல் எடுக்காதீர்கள். 2024 டிராகன், 2025 பாம்பு, 2026 குதிரை. குதிரை போட்ட விளக்கு மிஞ்சினால் அதை மறுபடி விற்க 2038 வரை கிடங்கில் வைத்திருக்க வேண்டும். எலிக்குத்தான் அது பயன்படும். விலங்கு இல்லாமல் வெறும் நல்வாழ்த்து எழுத்து மட்டும் இருக்கும் விளக்கு மிஞ்சினாலும் மறு ஆண்டுக்கு ஆகும்.

எட்டாம் மாதப் பௌர்ணமிக்கு வரும் பிள்ளைகள் தங்லோங் தனிச் சரக்கு. நாம் சிறு வயதில் கம்பத்தில் இருந்தபோது, செலோபேன் காகிதத்தில் மீன், முயல், சேவல், வண்ணத்துப்பூச்சி என்று கம்பியில் கட்டி வரும். உள்ளே சின்ன மெழுகுவத்தி. வாங்கக் காசு இல்லாத பிள்ளைகள் பால் டின்னில் ஆணியால் ஓட்டை குத்தி அதற்குள் மெழுகுவத்தி வைத்துக்கொள்வார்கள். காற்று அடித்து மீன் தீப்பிடித்துவிட்டால் அழுகைச் சத்தம் தெருவே கேட்கும், மற்றப் பிள்ளைகளுக்கோ அதுதான் வேடிக்கை. சீனப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை என்று இல்லை, தெருவில் இருக்கிற அத்தனை பேரும் வரிசையில் போவோம். மளிகைக் கடைக்கு அந்த வாரம் மெழுகுவத்தி வியாபாரம் நன்றாக இருக்கும். பிறகு பேட்டரி போட்டுப் பாட்டுப் பாடும் பிளாஸ்டிக் விளக்கு வந்தது. தீப்பிடிக்காது, உண்மைதான். ஆனால் ஒரே பாட்டைத்தான் பாடும், இரண்டாம் நாள் பேட்டரி தீர்ந்ததும் குப்பைக்குப் போகும். நம் சில்லறை வியாபாரிகள் பிளாஸ்டிக்கோடு கூடப் பத்து செலோபேன் மீனும் வாங்கி வையுங்கள் என்று நாம் சொல்வதுண்டு. தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்கு அதைத் தேடி வந்து வாங்குகிறார்கள்.

மூங்கிலைச் சீவிப் பின்னி, மெல்லிய துணி ஒட்டி, காயவைத்து, எழுத்து எழுதி, எண்ணெய் பூசிச் செய்யும் பழைய கை விளக்கு இன்னும் பினாங்கில் முற்றாக மறைந்துவிடவில்லை. ஆனால் அந்த வேலை தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு விளக்குக்கு நாள் கணக்கில் வேலை இருக்கிறது, விலையும் அதற்குத் தக்கபடிதான் இருக்கும். நம் சங்கக் கட்டடத்துக்கு ஆண்டுக்கு ஒரு ஜோடி அவர்களிடம் முன்பணம் கொடுத்துச் செய்து வாங்கலாம் என்பது நம் யோசனை. நம் ஊரில் மண் அகல் செய்கிறவர்கள் ஒவ்வொருவராகத் தொழிலை விட்டுப் போவதைப் பார்த்து வருத்தப்படுகிறோம், பக்கத்துத் தெருவில் நடப்பதும் அதுதானே.

ஒரு சரக்கை மட்டும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். சீன விளக்கு என்ற அதே பெயரில் வானத்தில் பறக்கவிடும் காகித விளக்கு ஒன்று விற்கிறார்கள். சூகே லியாங் என்ற பழங்காலப் படைத்தலைவரின் மறுபெயரால் அதைக் கொங்மிங் விளக்கு என்பார்கள். அடியில் மெழுகுத் துணி எரியும், சூடான காற்றால் மேலே போகும். ஏற்றி விட்டவன் கைக்கு அது அப்புறம் அடங்காது. 2013இல் இங்கிலாந்தில் ஸ்மெதிக் என்ற ஊரில் இப்படிப் பறந்து வந்த ஒரே ஒரு விளக்கு பிளாஸ்டிக் கழிவுக் கிடங்கில் விழுந்து, கிடங்கே எரிந்தது. 2020 புத்தாண்டு இரவில் ஜெர்மனியில் கிரேபெல்ட் விலங்குக் காட்சிச்சாலையில் குரங்குக் கூடம் இத்தகைய விளக்கால் எரிந்து, முப்பதுக்கும் மேற்பட்ட விலங்குகள் மாண்டன. சாக்கும் எண்ணெய் டின்னும் அட்டைப் பெட்டியும் அடுக்கிய கிடங்கு வைத்திருக்கிற நாம் அதை விற்பது, பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தீக்குச்சி கொடுத்து நம் கூரையைக் காட்டுவது போல.

வாசலில் தொங்குவதற்குள்ளும் மெழுகுவத்தி வேண்டாம், சின்ன எல்.இ.டி. பல்பு போதும். அடாப்டரில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பத்து விளக்கையும் ஒரே இணைப்புக் கட்டையில் செருகாதீர்கள். ஐந்தடி வழியில் நடப்பவர் தலையில் குஞ்சம் இடிக்காத உயரத்தில் கட்டுங்கள். யாராவது வந்து ஏன் தொங்கவிட்டீர்கள் என்று கேட்டால், சண்டைக்குப் போக வேண்டாம். பக்கத்துக் கடைக்காரருக்குப் பெருநாள், எங்கள் தெருவுக்கும் பெருநாள் என்று சொல்லுங்கள். அதற்கும் மேலே பேசுகிறவர்களைச் சங்கத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

சாப் கோ மே முடிந்த மறுநாள் கழற்றிவிடுவது நல்லது. நம்மவர்கள் சிலர் கட்டியதைக் கட்டியபடியே விட்டுவிட்டு, தீபாவளி வரும்போது வெளுத்துப்போன தங்லோங்குக்குப் பக்கத்திலேயே மாவிலைத் தோரணம் கட்டுகிறார்கள். கழற்றிக் குஞ்சத்தை உதறி, பாச்சை உருண்டை இரண்டு போட்டு, உலர்ந்த பெட்டியில் கிடங்கின் மேல் தட்டில் வைத்தால் துணி விளக்கு மறு ஆண்டுக்கும் ஆகும். பெட்டியின் மேல் எத்தனை ஜோடி என்று எழுதி வையுங்கள்.